இங்கே பருப்பு வேகாது

கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். மதுரையில் நூறை ஒட்டி. நடுவிலுள்ள ஏழு டிகிரி, சொல்லக் கேட்டால் சின்ன விஷயம்தான். துவரம்பருப்புக்கு அப்படி இல்லை. அடுப்பை எவ்வளவு கூட்டி வைத்தாலும், விறகை எவ்வளவு திணித்தாலும், திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் அந்த 93ஐத் தாண்டாது. மேற்கொண்டு கொடுக்கும் சூடெல்லாம் ஆவியாகப் போகுமே தவிரப் பருப்புக்குள் போகாது. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். இந்த ஊர் இருப்பது சுமார் 2,100 மீட்டரில். தண்ணீரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கக் காற்று போதவில்லை, அதனால் அது சீக்கிரமே கிளம்பிவிடுகிறது. பார்வைக்கு என்னவோ தளதளவென்று கொதிக்கும். ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தால் விறைத்துக்கொண்டு நிற்கும்.

‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்று கீழே யாரையாவது மட்டம் தட்டச் சொல்வோம். மேலே அது வெறும் இயற்பியல்.

முரண்டு பிடிப்பது பருப்பிலுள்ள மாவுச்சத்து அல்ல. மாவுச்சத்து எழுபது எண்பது டிகிரியில் இளகிவிடும். பருப்பின் நுண்ணறைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசைதான் லேசில் கரையாது. அதற்கு நல்ல சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். சூட்டில் ஏழு டிகிரி குறைந்தால் நேரம் ஒன்றரை மடங்குக்கு மேல் நீளும். பிரஷர் குக்கர் இருக்கிறதே என்பீர்கள். 1679இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் மூடியை இறுக்கி நீராவியை உள்ளே அடைத்துக் காட்டியதிலிருந்து மலைவாசிகளுக்கு விடிவுகாலம் என்பது உண்மைதான். ஆனால் குக்கரின் வெயிட் தன் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தோடு கூட்டித்தான் வேலை செய்கிறது. வெளிக்காற்றே இளைத்துக் கிடக்கும் ஊரில் கூட்டுத்தொகையும் இளைக்கும். கீழே 120 டிகிரிக்குப் போகும் குக்கர் இங்கே 116ஐத் தொட்டால் பெரிது. கொடைக்கானலுக்குக் குடிவரும் எந்தப் பெண்ணுக்கும் பக்கத்து வீட்டிலிருந்து கிடைக்கும் முதல் உபதேசம் ‘ஒரு விசில் கூட வைங்க’ என்பது. இரண்டாவது உபதேசம் தயிரைப் பற்றியது: கம்பளியில் சுற்றி அடுப்போரம் வையுங்கள், இல்லாவிட்டால் காலையிலும் பாலாகவே இருக்கும். இட்லி மாவுக்கும் அதே கம்பளி.

எனக்குச் சமையல் பிடிக்காது. இதை ஓர் ஆண் சொன்னால் சபையில் சிரிப்பு எழும். ‘எனக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது’ என்று பட்டம் வாங்கியதைப்போல் அறிவிக்கும் ஆண்களை எல்லாக் கல்யாண வீட்டிலும் பார்க்கலாம். அதையே பெண் சொன்னால் ஒரு நிமிடம் பேச்சு நின்றுபோகும். பிறகு எல்லோரும் அவள் கணவரை அனுதாபத்தோடு பார்ப்பார்கள். பிடிக்காது என்பதால் நான் சமைக்காமல் இருந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து மூன்று வேளையும் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிடிக்காததைத் தினமும் ஒழுங்காகச் செய்வதற்குப் பிடித்ததைச் செய்வதைவிட அதிகக் கவனம் தேவை. நம் ஊரில் யாரும் அதற்கு மதிப்பெண் போட்டதில்லை. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுப்பு வந்தது 1988இல். அதன் தலைப்புக் கதையைப் படித்த பெண்கள் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குத்தான் போயிருப்பார்கள். நானும் போனேன்.

எது பிடிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். புகை, வியர்வை, வெங்காயம் இவை எதுவும் இல்லை. சாப்பிடுவது எனக்கு மிகவும் பிடிக்கும். வேலை செய்யச் சோம்பலும் கிடையாது. ஒவ்வொரு பண்டத்துக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்கிறார், அதுதான் பிடிக்கவில்லை. சாம்பாருக்குப் பின்னால் அத்தை நிற்பார். ரசத்துக்கு என் அம்மா. மீன்குழம்புக்குப் பெரிய நாத்தனார். சாப்பிட உட்காருகிறவர் முதல் கவளத்தை வாயில் வைத்ததும், தாமே அறியாமல், அந்த ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார். ‘நல்லா இருக்கு’ என்பதற்கு முன்னால் வருகிற அந்த அரை நொடியில் ஒப்பீடு முடிந்துவிடும். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. கைப்பக்குவம் என்று நாம் போற்றுவதே முன்பு ஒருவர் சமைத்த ருசியைத் திரும்பக் கொண்டுவரும் வித்தைதானே. அதில் நான் எப்போதும் இரண்டாவது ஆள்.

கணவருக்குக் கொடைக்கானலுக்கு மாற்றலானது. வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏறிய லாரியில் பாத்திரங்களோடு அந்த ஆட்களும் ஏறித்தான் வந்தார்கள். வந்த கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். இங்கே யாருடைய சாம்பாரும் வரவில்லை. மே மாதத்தில் அத்தை தங்க வந்திருந்தபோது, ‘நகரு, நான் வைக்கிறேன்’ என்று அடுப்படிக்குள் நுழைந்தார். அவர் வைத்த சாம்பாரும் என்னுடையதைப்போலவே தண்ணி வேறு பருப்பு வேறாக நின்றது. முதலில் மளிகைக் கடைக்காரரைத் திட்டினார். அப்புறம் கேஸ் அடுப்பைத் திட்டினார். கடைசியில் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு, ‘இந்த மலையில மனுஷன் சமைப்பானா’ என்று எழுந்து போனார். அன்று நான் அடைந்த சந்தோஷம் அவ்வளவு நல்ல சந்தோஷம் அல்ல. ஆனாலும் அதை மறைக்க மாட்டேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைகளின் உயரத்தை அளக்க ஒரு வழி, அங்கே போய்த் தண்ணீரைக் கொதிக்கவைப்பதுதான். கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்து, எத்தனை டிகிரி குறைகிறது என்று பார்த்து, உயரத்தைக் கணக்கிட்டுவிடுவார்கள். தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1840களின் இறுதியில் இமயமலையில் திரிந்தபோது அப்படி அளந்துகொண்டே போனார். அத்தை வைத்த சாம்பாரும் இந்த ஊர் இருக்கும் பழனி மலையின் உயரத்தை அளந்து சொல்லியிருக்கிறது, நாங்கள்தான் குறித்துக்கொள்ளவில்லை. டார்வினுக்கும் இது நடந்திருக்கிறது. 1835இல் ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடக்கும்போது இரவெல்லாம் தீயில் இருந்த உருளைக்கிழங்கு காலையிலும் வேகாமல் கிடந்தது. கூட வந்தவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்களாம்: பானை புதிது, அதற்கு உருளைக்கிழங்கை வேகவைக்க இஷ்டமில்லை. டார்வினுக்குக் காரணம் தெரியும். ஆனால் கிழங்கு வேகவில்லை என்பதில் அவருக்கும் அவர்களுக்கும் வித்தியாசமில்லை.

கொடைக்கானல் என்ற ஊரே கீழேயிருந்து வந்தவர்கள் தங்கள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்த ஊர். 1821இல் வார்டு என்ற நில அளவை அதிகாரி இந்த மலைகளை அளந்தார். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள், காய்ச்சலிலிருந்தும் காலராவிலிருந்தும் தப்பிக்க, சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஏரி 1863இல் வந்தது. மிஷனரி பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் 1901இல். அந்த வீடுகளின் சமையலறைகளில் நின்றவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். துரைசானி சொல்லச்சொல்ல, ஜென்மத்தில் பார்த்திராத ரொட்டியையும் கேக்கையும் புட்டிங்கையும் அவர்கள் செய்திருப்பார்கள். நான் படித்த கொடைக்கானல் வரலாறுகளில் வீடுகளுக்குப் பெயர் இருக்கிறது, சமைத்தவர்களுக்கு இல்லை. பழக்கமில்லாத பண்டத்தை விருப்பமில்லாமல் சமைத்தவர்கள் இந்த ஊரில் எனக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். கேக்குக்கும் மலை ஒரு சோதனைதான்: அழுத்தம் குறைந்த காற்றில் மாவு மளமளவென்று எழும்பிப் பிறகு நடுவில் அமுங்கிவிடும். பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் கேக் மாவுப் பொட்டலங்களில், உயரமான ஊர்களில் இருப்பவர்களுக்கு என்று தனியாகச் செய்முறை அச்சிட்டிருக்கும்.

மலையின் பூர்வ குடிகளுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. பளியர்கள் காட்டுக் கிழங்கைத் தோண்டிச் சுட்டும் அவித்தும் தின்றார்கள், கூடவே தேன். பருப்பை மலையேற்றியது கீழிருந்து வந்த நாம்தான். பழனி என்ற பெயரோடு உலகம் முழுக்கப் போகும் பண்டத்தைப் பாருங்கள், அது அடுப்பே ஏறாதது. வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம். பஞ்சாமிர்தத்துக்குத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், தீயும் வேண்டாம். கீழ்மலைச் சரிவில் விளையும் விருப்பாச்சி வாழை நீர்ப்பசை குறைந்தது, அதனால் பிசைந்து வைத்தால் கெடாமல் நிற்கும். 2019இல் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். சமையல் பிடிக்காத யாரோ கண்டுபிடித்ததாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம். முருகன் கோபிக்க மாட்டார். அவரே மாம்பழத்துக்காக மலையேறியவர்.

திபெத்தியர்களின் சாப்பாட்டை நான் முதலில் வாசனையாகத்தான் அறிந்தேன். பி.டி. சாலையில் திபெத்திய உணவகம் உண்டு. சீசனில் வெளியூர்ப் பையன்கள் மோமோவுக்கு வரிசையில் நிற்பார்கள். ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியக் குடும்பங்களும் ஊரில் உண்டு. 1959இல் தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பிவந்த பிறகு, அவர் பின்னால் வந்தவர்களில் பல்லாயிரம் பேருக்குக் கர்நாடகத்தில் நிலம் ஒதுக்கினார்கள். அந்தக் குடியிருப்புகளில் முதலாவதான பைலகுப்பே சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லாசா இருப்பதோ 3,650 மீட்டரில். அவ்வளவு உயரத்திலிருந்து அந்தப் புழுக்கத்துக்கு இறங்கியவர்கள் எப்படித் தாங்கினார்களோ. வியாபாரத்துக்கென்று கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் பாதி உயரத்தையாவது திரும்பப் பெற்றார்கள்.

லாசாவில் தண்ணீர் 88 டிகிரியில் கொதிக்கும். 88 டிகிரியில் எது வேகும் எது வேகாது என்று நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகப் பார்த்துத் தேர்ந்த சமையல் அவர்களுடையது. வறுத்துத் திரித்த வாற்கோதுமை மாவான சம்பாவைச் சூடான வெண்ணெய்த் தேநீரில் பிசைந்தால் சாப்பாடு ஆயிற்று, கொதிக்கவைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. இறைச்சியை உலர்த்திக்கொள்வார்கள். கோதுமை மாவைப் பிசைந்து மெல்லிசாக்கிச் சாற்றில் போடுவார்கள். மாவுச்சத்துக்கு 88 டிகிரி தாராளம் என்பதை எந்த வெப்பமானியும் இல்லாமல் அவர்கள் கண்டுவைத்திருந்தார்கள். நாம் வேகாத பருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நாலு கடை தள்ளி இருந்த வீட்டில் மலைக்கென்றே உண்டான சமையல் ஒன்று அமைதியாக நடந்துகொண்டிருந்தது.

ஸ்வெட்டர் கடைக்காரப் பெண்தான் எனக்குத் தென்துக் சொல்லிக்கொடுத்தது. துக்பா என்று பொதுவாகச் சொல்லும் நூடுல்ஸ் சாற்றில் இது ஒரு வகை. அந்தப் பெண் இந்த ஊரில் பிறந்தவள். என்னைவிட நன்றாகக் கொடைக்கானல் தமிழ் பேசுவாள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது பேச்சு சாப்பாட்டுக்குப் போனது. எனக்குச் சமையலே பிடிக்காது என்று சொன்னேன். அவள் என் கணவருக்காக அனுதாபப்படவில்லை. ‘அப்ப இதைச் செய்யுங்கக்கா, இதுல சமையல் கம்மி’ என்றாள்.

அது உண்மை. மைதா மாவில் உப்பும் தண்ணீரும் விட்டு, சப்பாத்திக்கு விடுவதைவிடக் கொஞ்சம் தளர்வாகப் பிசைந்து, எண்ணெய் தடவி அரை மணி நேரம் மூடிவைக்க வேண்டும். இந்த அரை மணியை அவசரப்படுத்தக் கூடாது, மாவுக்கு இழுபடும் குணம் வருவது அதில்தான். அதற்குள் சாறு: எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, பூண்டு, ஒரு தக்காளி. ஆட்டு எலும்பு போடுகிறவர்கள் அதைக் குக்கரில் தனியாக வேகவைத்து ஊற்றிக்கொள்ளலாம். முள்ளங்கியை மெல்லிய வில்லைகளாக அரிந்து போட வேண்டும், கேரட்டும் ஆகும். முள்ளங்கி இல்லாமல் செய்தால் அது வேறு ஏதோ ஒன்று என்பது அவள் கட்சி. பூண்டு மேல்மலைப் பூண்டாக இருந்தால் சாற்றுக்குக் காரமே வேண்டாம் போலிருக்கும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் விளையும் அந்த மலைப்பூண்டுக்கும் 2019இல்தான் குறியீடு கிடைத்தது; நெடியில் கீழ்நாட்டுப் பூண்டு அதன் பக்கத்தில் நிற்காது. சாறு கொதித்து வரும்போது மாவைக் கயிறாக உருட்டி, விரல்களுக்கிடையே தட்டையாக்கி, ஒரு முனையை மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் அகலத்துக்குப் பிய்த்துப் பிய்த்துப் பானைக்குள் எறிய வேண்டும். கத்தியை எடுக்கப் போனேன். ‘வெட்டாதீங்க, பிய்ச்சுப் போடுங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்கக் கூடாது’ என்றாள். போட்ட துண்டுகள் மூழ்கி, சில நிமிடங்களில் மிதந்து மேலே வந்தால் வெந்துவிட்டதென்று அர்த்தம். கடைசியில் ஒரு கைப்பிடி கீரை, மிளகு. இறக்கிவிடலாம்.

கொதிக்கும் குழம்பில் மாவைக் கிள்ளிப் போடுவது நமக்குத் தெரியாத சங்கதி ஒன்றும் இல்லை. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அரிசிமாவை உருண்டை பிடித்துக் கறிக்குழம்பில் போட்டுத் தக்கடி செய்வார்கள். பால் கொழுக்கட்டையும் அந்த வகைதான். கடலோரத்திலும் பனிமலையிலும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது. ஆனால் உருண்டையின் நடுப்பகுதி வேக நேரம் எடுக்கும், கடற்கரைக்கு அது கவலையில்லை. மலைக்காரர்கள் தட்டையாக்கினார்கள்.

ஒருவர் உருட்டி, தட்டி, பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தால் முதலில் விழுந்த துண்டு குழைந்துபோகும், கடைசியில் விழுந்தது வேகாமல் நிற்கும். அதனால் அவர்கள் வீட்டில் எல்லோரும் பானையைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொரு மாவுக் கயிறை வைத்துக்கொண்டு எறிவார்களாம். அவள் சொன்னபோது இது ஏதோ பண்டிகை வழக்கம் என்று நினைத்தேன். செய்துபார்த்தால்தான் அது பானையின் கட்டளை என்று தெரிகிறது. என் கணவரைக் கூப்பிட்டேன். அடுப்படிக்குள் காப்பி டம்ளரைக் கொண்டுவந்து வைப்பதைத் தவிர வேறு காரியத்துக்கு வந்திராத மனிதர், மணிக்கட்டில் மாவை மாலையாகப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் எறிந்த துண்டுகள் பெரிதும் சிறிதுமாக, ஒன்று இலங்கை மாதிரி, ஒன்று காது மாதிரி இருந்தன. அதில் திருத்தச் சொல்வதற்கு எதுவும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்பதுதானே விதி.

சாப்பிட உட்கார்ந்தோம். முதல் கரண்டியை வாயில் வைத்தார். அந்த அரை நொடி வந்தது. ஆனால் அவருக்குப் பார்க்க யாருமில்லை. தென்துக்குக்குப் பின்னால் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் நிற்கவில்லை. ‘உப்பு கொஞ்சம் போடலாமோ’ என்றார். போட்டோம். அவ்வளவுதான் விமர்சனம். இந்த விடுதலைக்காகத்தான் மக்கள் ஹோட்டலுக்குப் போகிறார்கள் போலிருக்கிறது, அதை வீட்டிலேயே பெற முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. திபெத்திய வீடுகளில் தென்துக் செய்யும் மருமகள்களுக்கு அவரவர் அத்தைகள் நிற்பார்கள், அது எனக்குத் தெரியும். இரவல் வாங்கிய பண்டத்தோடு அத்தை வருவதில்லை என்பது இரவல் வாங்குகிறவளின் லாபம்.

இதனால் எனக்குச் சமையல் பிடித்துப்போனது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். பிடித்துப்போகவில்லை. சாம்பார் வைக்கும் நாட்களில் இன்னும் பெருமூச்சோடுதான் குக்கரை எடுக்கிறேன். ஒரு விசில் கூட வைக்கிறேன். குளிர் அதிகமான நாட்களில், பருப்பை ஊறவைக்க மறந்த நாட்களில், இரண்டு பேரும் வீட்டில் இருக்கிற நாட்களில் தென்துக்.

நம் சமையல் புத்தகங்களைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. புதுக்குடித்தனம் போகும் பெண்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு போன புத்தகம் அது. என் அம்மாவும் வைத்துக்கொண்டு போனார். பக்கத்தில் பெரியவர்கள் இல்லாத பெண்ணுக்கு அவர் எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார் என்பதை இன்று படித்தாலும் உணரலாம். அவருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் சமையல் புத்தகங்கள் வந்துவிட்டன, யூடியூபில் ஆயிரக்கணக்கில். நான் பார்த்த அளவில், உயரத்தைக் கணக்கில் எடுத்த ஒரு குறிப்பும் அவற்றில் இல்லை. எல்லாம் சென்னையிலோ தஞ்சாவூரிலோ நின்றுகொண்டு சொல்கிறவை. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று இந்த மாநிலத்தில் மலைமேல் அடுப்பெரிக்கும் வீடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. தேயிலைத் தோட்ட லயன்களில் வேலைக்குப் போய்விட்டு வந்து பருப்போடு போராடும் பெண்கள் இருக்கிறார்கள். சமையல் புத்தகம் போடுகிற பதிப்பாளர்கள் கடைசியில் ஒரே ஒரு பக்கம் ஒதுக்கி, ஆயிரம் மீட்டருக்கு எத்தனை விசில், இரண்டாயிரத்துக்கு எத்தனை என்று அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

தென்துக் செய்துபார்க்க நினைக்கிறவர்களுக்கு: கோதுமை மாவிலும் செய்யலாம். மைதா அளவுக்கு இழுபடாது, ஆனால் பிய்த்துப் போட வரும். மதுரையிலோ சென்னையிலோ செய்தால் துண்டுகள் இங்கே ஆகும் நேரத்துக்கு முன்பே வெந்துவிடும், மிதந்ததும் இறக்கிவிடுங்கள். மலைப்பூண்டு கிடைத்தால் வழக்கமாகப் போடுவதில் பாதி போதும்.